விலை உயர்ந்த கருவிகளை ஆசை ஆசையாக வாங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் ஏன் அவற்றைத் தொடுவதே இல்லை?

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்லும் தகுதி இருக்கிறது. என் பொழுதுபோக்கு மரவேலை. ஐந்து வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். எல்லாவற்றிலும் ஏற்கெனவே சந்தனமும் குங்குமமும் இருந்தன. முந்தைய வருடம் அம்மா வைத்த பொட்டு. உளிகளின் பிடியில், டிரில்லிங் மெஷினில், ரூட்டரின் அட்டைப்பெட்டி மேல் (மரத்தில் பள்ளம் வெட்டும் மெஷின், வைஃபை பெட்டி இல்லை. ஆமாம், பிரிக்காத பெட்டிக்கே பொட்டு வைத்திருந்தோம்) ஒன்றுகூட அழியவில்லை. கை பட்டிருந்தால் அழிந்திருக்கும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

அந்த அலமாரியில் இல்லாத கருவி ஒன்று உண்டு. லீ-நீல்சன் கம்பெனியின் நான்காம் நம்பர் இழைப்புளி, அதாவது பலகையைச் சீவி வழவழப்பாக்கும் கருவி. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் செய்கிறார்கள். வெண்கல உடம்பு, இரண்டு அங்குல பிளேடு, தூக்கினால் இரண்டு கிலோ கனம். அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் ஆனது. வீட்டில் சொன்ன கணக்கு வேறு, அதை இங்கே எழுத வேண்டாம். சில மாதத்தில் வெண்கலம் மங்கத் தொடங்கியதும் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிட்டார். அதிலிருந்து அதன் இடம் பூஜை அறை.

சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சோம்பேறி இவ்வளவு படிக்க மாட்டான். எனக்கு நேரம் கிடைப்பது ராத்திரி பதினொரு மணிக்கு. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அந்த நேரத்தில் மரம் அறுக்க முடியாது. ரம்பங்களைப் பற்றிப் படிக்க முடியும். வீடியோ பார்க்க முடியும். எந்த உளி எந்த இரும்பு என்று ஒப்பிட முடியும். ஆர்டர் போட முடியும். சத்தம் வராமல், தூசி பறக்காமல் செய்யக்கூடிய ஒரே மரவேலை அதுதான். மூன்று வாரம் ஆராய்ந்து ஒரு கருவியை வாங்கி முடித்தால் ஒரு ஸ்டூல் செய்து முடித்த திருப்தியில் முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. மீதிக் கால்வாசிக்காக யார் சனிக்கிழமை காலையில் எழுந்திருப்பது?

லெனார்ட் பெய்லியின் இழைப்புளி காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது எனக்குத் தெரியும். பிளேடின் முனையை 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் தீட்டலாம் என்று தெரியும். ஸ்டூல் செய்யத் தெரியாது.

இன்னொரு காரணம், கடையில் யாரும் சொல்லாதது. இழைப்புளி வேலை செய்ய வேண்டுமென்றால் பலகை ஆடாமல் நிற்க வேண்டும். அதற்குக் கனமான ஒரு பட்டறை மேஜை வேண்டும். யாரும் அதை முதலில் வாங்குவதில்லை. பார்க்க அழகாக இருக்காது, ஃபிளாட்டில் வைக்க இடமும் இருக்காது. ஒரே ஒருமுறை டைனிங் டேபிளில் ஒரு வேப்பம்பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, வெண்கல இழைப்புளியை ஓட்டிப் பார்த்தேன். பலகை அசையவில்லை. டேபிள்தான் சுவர் வரைக்கும் நடந்து போனது. பலகையில் சீவல் வராமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கீழ் வீட்டு மாமி மேலே வந்து, "என்னப்பா, வீடு மாத்தறேளா?" என்று கேட்டார்.

இது மரவேலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. கிட்டார்காரர்கள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் கிண்டலாக எழுதிய பெயர் அது. 'காஸ்' (GAS, Guitar Acquisition Syndrome) என்பார்கள். கிட்டார் வாங்கும் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். என் நண்பன் ஒருவன் தூரத்துப் பறவைகளைப் படமெடுக்க 150-600 எம்.எம். லென்ஸ் வாங்கி ஒரே ஒருமுறை வேடந்தாங்கல் போனான். அப்புறம் அது பையைவிட்டு வெளியே வரவில்லை. சென்னை ஈரக்காற்றில் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது. சும்மா வைத்திருந்தால் புதுசாகவே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். என் உளிகளும் அப்படித்தான், எண்ணெய் தடவாத இரண்டில் துரு பூத்திருந்தது.

அந்தக் கார்த்திகை மழையில் பால்கனிக் கதவு ஊதி, சட்டத்தோடு இறுகிக்கொண்டது. வீட்டில் நாற்பதாயிரம் ரூபாய் இழைப்புளி இருக்கிறது. நான் ஆசாரிக்கு போன் செய்தேன்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும். ஒரு உரச்சாக்கில் மொத்தக் கருவியும் அடக்கம். கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது பூஜை அறையைப் பார்த்தார்.

"தம்பி, அது இழைப்புளில்லா? சாமி பக்கத்துல எதுக்கு வச்சிருக்கிய?"

கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். பிளேடின் முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து லேசாக இழுத்தார், நகம் வழுக்கிக்கொண்டு போனது. "இது இன்னும் கல்லையே பாக்கலியே தம்பி."

கல்லும் இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சொரசொரப்பான 1000, மறுபக்கம் நைசான 6000, ஜப்பானியத் தீட்டுக்கல். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. அவர் அதைப் பக்கெட் தண்ணீரில் போட்டதும் குமிழ் குமிழாக வந்தது. இரண்டு வருடத் தாகம். கோணம் பிடிக்க நான் வாங்கி வைத்திருந்த உருளை வைத்த கருவியை நீட்டினேன். என்ன என்று விசாரித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலால் கல்லை அணைத்துக்கொண்டு, வெறும் கையாலேயே தீட்டினார். அவ்வப்போது பின்பக்கம் விரலால் தடவிப் பிசிறு எழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். பத்து நிமிடம். கடைசியில் முழங்கை மயிரில் வைத்து ஒரு இழுப்பு, சுத்தமாகச் சிரைத்தது.

"ஆனா கதவுக்கு இது குட்டை. நீளமா ஓட்ட நெட்டைதான் வேணும்" என்று சாக்கிலிருந்து தன் மர இழைப்புளியை எடுத்தார். பிளேடின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் பிளேடு இறங்குகிறது, முதுகில் ஒரு தட்டு தட்டினால் ஏறுகிறது. என்னுடையதில் அதற்கென்றே பித்தளைத் திருகு இருக்கிறது. முக்கால் வேலையை அவருடையது முடித்தது. கடைசி நான்கைந்து ஓட்டத்துக்கு என்னுடையதை என் கையில் கொடுத்தார். வெற்றிலை மெல்லிசில், கதவின் நீளத்துக்கு ஒரே சுருளாக வந்தது. அந்தச் சத்தத்தை எத்தனையோ வீடியோவில் கேட்டிருக்கிறேன்.

அந்த ருசியில் நிறுத்தத் தோன்றவில்லை. அவர்தான் கையைப் பிடித்தார். "போதும் தம்பி. மழைக்கு ஊதின மரம். இப்பவே தாராளமா எடுத்தா பங்குனில சந்து விழும்." மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில்தான் ஊதும், நெடுக்கில் அநேகமாக மாறாது என்று படித்திருக்கிறேன். கதவு அகலத்தில் இறுகுவது அதனால்தான். படித்தது எதுவும் அன்றைக்கு என் கையை நிறுத்தவில்லை.

கேள்விக்கு வருகிறேன். அவருடைய சாக்கில் இருந்த ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு வேலைக்காக வாங்கியது. என் அலமாரியில் இருப்பவை ஒரு ஆளுக்காக வாங்கியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து ஷெட்டில் தேக்கு இழைத்துக்கொண்டிருக்கும் ஆள். அவனுக்குத் தோட்டம் இருக்கிறது, ஷெட் இருக்கிறது, எனக்கு இல்லை. அவனுக்காக வாங்கிக்கொண்டே இருந்தேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முக்கால் அங்குல உளி ஒன்று, தீட்டுக்கல் ஒன்று, ரம்பம் ஒன்று, கிளாம்ப் இரண்டு போதும். வீட்டில் ஏதாவது உடையும் வரை அதற்கு மேல் வாங்காதீர்கள். இழைப்புளியைப் பூஜை அறையிலிருந்து எடுத்துவிட்டேன், அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு மணையும் செய்திருக்கிறேன். நான்கு மூலையில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ரூட்டரை விற்கப் போகிறேன். பெட்டி பிரிக்கவில்லை, பில் இருக்கிறது. வேண்டுமென்றால் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கும், அதற்குத் தள்ளுபடி கிடையாது.