அம்மா போய் இரண்டு மாதம்: அப்பாவின் உடம்பில் எதைக் கவனிப்பது?

கேள்வி: அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 71 வயது, பிபியும் சுகரும் உண்டு. சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துவிட்டார், நெஞ்சு கனக்கிறது என்கிறார். ஒருவர் போனால் மற்றவரும் சீக்கிரம் போய்விடுவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த நெஞ்சுக் கனம். இன்றைக்கே ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். துக்கத்தில் நெஞ்சு அடைப்பது சகஜம்தான், ஆனால் சுகர் உள்ள 71 வயதுக்காரர் அப்படிச் சொல்லும்போது, எல்லாம் மனசுதான் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டக்கூடாது. வியர்வையோ மூச்சுத்திணறலோ கை, தாடை வலியோ சேர்ந்து வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1969-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களில் 213 பேர் முதல் 6 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட இது 40 சதவீதம் அதிகம், அந்தக் கூடுதலுக்குப் பெரிய காரணம் இதயநோய். சரி, அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 100-க்கு 95 பேர் அந்த 6 மாதத்தைத் தாண்டிவிட்டார்கள், அதன்பின் ஆபத்தும் படிப்படியாகக் குறைந்தது.

துக்கத்தில் அட்ரினலின், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஏறும், தூக்கம் கெடும், பிபி எகிறும், ரத்தம் உறையும் தன்மை கூடும். ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், இந்த வயது ஆண்கள் பலர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனை வருடமும் பதில் அங்கிருந்துதான் வந்திருக்கும். காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது, போன மாதம் கால் வீங்கியதா, எல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். உங்கள் அப்பாவும் அப்படியென்றால், அந்த வேலையை இன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. சாப்பாடு பாதியாகி, சுகர் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போனால் (கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ என்றால் நிச்சயமாக) சர்க்கரை தடாலென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, பேச்சில் குழப்பம் வரும், வீட்டில் இருப்பவர்கள் 'பாவம், அம்மா நினைப்பு' என்று விட்டுவிடுவார்கள். அப்படித் தெரிந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மெலிந்த உடம்புக்கு பழைய பிபி மாத்திரையும் அதிகமாகலாம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் எடையைச் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். அம்மாவின் மிச்ச மாத்திரைகள் அலமாரியில் இருந்தால், முக்கியமாக தூக்க மாத்திரை, இன்றே அப்புறப்படுத்துங்கள்.

சாப்பிடு சாப்பிடு என்று போனில் சொல்வதைவிட, ஒருவேளையாவது யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுவது பலன் தரும்.

அழுவதும், அம்மா குரல் கேட்டது போலிருந்தது என்பதும் இரண்டு மாதத்தில் நோய் இல்லை. 6 மாதம், ஒரு வருடம் ஆகியும் அன்றாட வேலைகூட ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் 'நானும் அவகிட்டயே போயிடறேன்' என்று சொன்னால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அப்பா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.