ஹிமாலயன் வாங்கினால் வண்டி ஓட்டும் ஆசை போய்விடுமா?

வாசகர் கேள்வி – பதில்: இருசக்கர வாகனப் பகுதி

கேள்வி: ஐயா, ஏழு ஆண்டுகளாகக் கேடிஎம் டியூக் 390 (பழைய 373 சிசி மாடல்) ஓட்டிவருகிறேன். திருமணத்துக்குப் பிறகு மனைவியையும் அழைத்துக்கொண்டு விடுமுறை நாள்களில் கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று போய்வர விரும்புகிறேன். ஆனால் டியூக்கின் பின்சீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கலாம் என்று யோசிக்கிறேன். நண்பர்களோ, “அது மூட்டை சுமக்கிற வண்டி, இரண்டே மாதத்தில் சலித்துவிடும்” என்கிறார்கள். நெடும்பயணத்துக்கு வசதியான வண்டியில் ஓட்டும் இன்பமும் இருக்குமா? – வாசகர், நாமக்கல்

பதில்: இருக்கும். ஆனால் வாங்கிய புதிதில், நண்பர்கள் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். ஏழு ஆண்டுகள் டியூக்கில் பழகிய கை, ஆக்ஸிலரேட்டரைத் திருகிய மாத்திரத்தில் வண்டி பாய வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஹிமாலயன் அப்படிப் பாயாது. நிதானமாக வேகம் பிடித்து, அந்த வேகத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். அந்தச் சுபாவம் கைக்குப் பழகும்வரை தீர்ப்பு எழுத வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

விவரக் குறிப்பை வைத்துப் பார்த்தால், இரண்டு எஞ்சின்களின் திறனும் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் டியூக் 43.5 பிஎஸ் (குதிரைத்திறன்) தருகிறது. 2023 நவம்பரில் அறிமுகமான ஹிமாலயனின் 452 சிசி எஞ்சின் 40 பிஎஸ் தருகிறது. வேறுபாடு எடையில் இருக்கிறது. பெட்ரோல் நிரப்பிய நிலையில் ஹிமாலயன் 196 கிலோ. டியூக் அதைவிட ஏறத்தாழ 30 கிலோ குறைவு. வண்டியை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு டன் எடைக்கு டியூக்கில் 260 பிஎஸ்ஸுக்கு மேலும் ஹிமாலயனில் 204 பிஎஸ்ஸும் வருகின்றன. இது பெரிய இடைவெளிதான். ஆனால் நீங்கள், உங்கள் மனைவி, ஒரு பை என்று 150 கிலோவை இரண்டிலும் ஏற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்: 138க்கு எதிராக 116 என்று அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. நீங்கள் வாங்கப்போவது இருவர் போவதற்கான வண்டி என்பதால், இந்த இரண்டாவது கணக்கே உங்களுக்குப் பொருந்தும்.

இதைவிட முக்கியமானது, இழுவை எஞ்சினின் எந்தச் சுற்றில் (நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது) கிடைக்கிறது என்பது. டியூக் தன் முழு முறுக்குவிசையான (அதாவது இழுவையான) 37 நியூட்டன் மீட்டரை 7,000 சுற்றில்தான் தருகிறது. ஹிமாலயனோ 5,500 சுற்றிலேயே 40 நியூட்டன் மீட்டர் தந்துவிடுகிறது. இந்த 1,500 சுற்று வித்தியாசம் நேரான சாலையில் அவ்வளவாகத் தெரியாது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலான வளைவுகளில் எதிரே வருவது என்னவென்று திரும்பி முடிக்கும்வரை தெரியாது. உள்பக்க விளிம்பில் மழை அரித்துக் கொண்டுவந்த மண்ணும் ஜல்லியும் கிடக்கும். மேலிருந்து இறங்கும் பேருந்து, திரும்புவதற்கு வேறு வழியில்லாமல், சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதி சொன்னாலும், அந்த இடத்தில் பேருந்து ஓட்டுநரால் செய்யக்கூடியது அவ்வளவுதான். இந்த நிலையில் டியூக்கில் போகும்போது, வளைவுக்கு முன்னால் வேகம் தணிந்து எஞ்சின் சுற்று விழுந்துவிட்டால், அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கியரைக் குறைத்து, கிளட்சை நழுவவிட்டு, ஒரு சிறிய போராட்டம் நடத்த வேண்டியிருக்கிறது. ஹிமாலயனில் இரண்டாம் கியரில், 4,000 சுற்றை ஒட்டி நுழைந்துவிட்டால் போதும். வளைவின் நடுவிலிருந்து ஆக்ஸிலரேட்டரைச் சீராகத் திறக்கத் திறக்க வண்டி தானாக நிமிர்ந்து அடுத்த நேர்ப்பகுதிக்கு ஏறிவிடுகிறது. ஜல்லியில் முன்சக்கரம் லேசாக நகர்ந்தாலும், அகலமான ஹேண்டில்பார் இருப்பதால் கை பதறுவதில்லை. பத்து வளைவுகள் தாண்டியதும் ஒரு தாளகதி பிடிபடும். அதைத்தான் நான் ஓட்டும் இன்பம் என்பேன்; அந்த இடத்தில் வேகமானி முள் நாற்பதைக்கூடத் தொட்டிருக்காது.

சுருங்கச் சொன்னால், ஒரு வண்டி எவ்வளவு தரக்கூடியது என்பதைவிட, நம் சாலையில் அதில் எவ்வளவை நாம் பயன்படுத்த முடிகிறது என்பதையே நான் பார்க்கிறேன். டியூக்கின் கடைசி 15 குதிரைகளை நாமக்கல் வட்டாரத்தில் எங்கே அவிழ்த்துவிடப் போகிறீர்கள்? நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வரம்பு மணிக்கு 80 கி.மீ.தான். அந்த வேகத்தில் இரண்டு வண்டிகளுமே கொட்டாவி விடுகின்றன. உள்ளதைச் சொன்னால், நெடுஞ்சாலை எந்தப் பைக்குக்கும் விளையாட்டு மைதானம் இல்லை. அங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது முதுகும் மணிக்கட்டும். ஹிமாலயனில் நிமிர்ந்து உட்கார்ந்து போய், பொள்ளாச்சியைக் கடந்து, களைப்பில்லாமல் ஆழியாறு அடிவாரத்தை அடைந்தால்தான், வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை ரசிக்க உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும். அடிவாரத்திலேயே தோள் வலிக்கத் தொடங்கிவிட்டவருக்கு எவ்வளவு கூர்மையான வண்டி இருந்தும் பயனில்லை. டேங்கும் 17 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 28 கி.மீ. என்று குறைத்தே கணக்கிட்டாலும், சென்னையில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டவர் திண்டுக்கல் தாண்டும்வரை பங்க் தேட வேண்டாம்.

நண்பர்களின் பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம். பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்கு அது அருமையானது. ஆனால் இடமிருந்து வலமாகச் சட்டென்று சாய்க்க நினைக்கும்போது, 17 அங்குலச் சக்கரத்தில் பழகியவருக்கு அது அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல் தோன்றும். சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. இயங்கக்கூடியது, அதனால் பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடித்தால் வண்டியின் மூக்கு நன்றாகவே கவிழும். டியூக்கில் வளைவின் வாசல்வரை போய்ப் பிரேக் பிடிக்கும் வழக்கம் இருந்தால் அதை விட வேண்டியிருக்கும்: சற்று முன்கூட்டியே தொடங்கி, விரல்களால் மெல்ல அழுத்தி, மூக்கு இறங்கி நிலைத்த பிறகு திருப்ப வேண்டும். ஏற்காட்டுச் சாலை புதிதாகத் தார் போட்டு வழவழப்பாக இருக்கும் நாளில், தனியாகப் போனால், டியூக்தான் இனிக்கும். இதை மறைத்து விற்பனையாளர்போல் பேச எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று: உயர் கியரில் 3,000 சுற்றுக்குக் கீழே போட்டு இழுக்கச் சொன்னால் ஹிமாலயனும் உதறும். மந்தமான வண்டி என்று சிலர் குறைசொல்வதற்குப் பாதிக் காரணம், பழைய புல்லட்டை ஓட்டுவதுபோல் கியரை மாற்றாமலே ஓட்டிப் பார்ப்பதுதான்.

வசதிக்காகச் செய்யப்பட்ட வண்டி சலிக்குமா என்ற இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் உரியது அன்று. 2012-இல் ஹோண்டா என்சி700 வெளிவந்தபோது, டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட் வைக்கும் அறையையும், சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க்கையும், குறைந்த சுற்றிலேயே இழுக்கும் 670 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினையும் கொடுத்தார்கள். பைக் எழுத்தாளர்களில் பலர் அதைச் சுவையற்ற வண்டி என்று எழுதினார்கள். ஆனால் அந்த வரிசை 750 சிசியாக வளர்ந்து பல ஆண்டுகள் தொடர்ந்தது. தினமும் ஓட்டுகிறவருக்கும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவருக்கும் தேவைகள் வேறு.

இறுதியாக, ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்கும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் மனைவியையும் பின்னால் உட்காரவைத்து ஓட்டுங்கள். இருவராகப் போகும்போது பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கூட்டிவைக்கச் சொல்லுங்கள். கூட்டாமல் விட்டால் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி வளைவில் வெளிப்புறமாக ஓடப் பார்க்கும். “திரும்பவே மாட்டேன் என்கிறது” என்று வரும் புகார்களில் பல இதனால் வருபவை. முடிந்தால் தேர்ந்தெடுத்த நல்ல சாலையை விட்டுவிட்டு, வேகத்தடையும் குழியும் உள்ள ஒரு கிராமத்துச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் இருப்பவர் உங்கள் தோளைத் தட்டாமலே அரை மணி நேரம் கழிந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஹிமாலயன் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சுஸூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250 வாங்கினால், நீண்ட பயணத்தில் 250 சிசி எஞ்சின் திணறுமா? ஓட்டுவதில் சுவாரசியம் இருக்குமா? – வாசகர், மதுரை

பதில்: முதலில் உயரம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸின் சீட் 835 மி.மீ.; ஹிமாலயனுடையது 825 முதல் 845 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளக்கூடியது; தாழ்வான சீட் தனியாக வாங்கிப் பொருத்தினால் 805க்கு இறக்கலாம். ஆகவே உங்களைப் பயமுறுத்துவது உயரம் அன்று, எடை. வி-ஸ்ட்ராம் 167 கிலோ என்பதால், ஒரு காலின் முன்பாதம் மட்டும் தரையில் பட்டாலும் சமாளிக்கலாம். கடைத்தெருவில் நிறுத்தும்போதும், சரிவான இடத்தில் பின்னால் தள்ளும்போதும் ஹிமாலயனைவிட 29 கிலோ குறைவாக இருப்பதன் அருமை தெரியும்.

எஞ்சின் 249 சிசி, ஆயில் மூலம் குளிர்விக்கப்படுவது, 26.5 பிஎஸ் தருவது. சுஸூகியின் ஜிக்ஸர் 250 பைக்கில் இருப்பதே இதிலும் இருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு 80 முதல் 90 கி.மீ. வேகத்தில் இது திணறாது. இருவர் ஏறி, சாமானும் கட்டி, மலையேறும்போது லாரியை முந்த வேண்டுமென்றால், ஒரு கியர் குறைத்துவிட்டு இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும். இதன் முழு முறுக்குவிசையும் 7,300 சுற்றில்தான் வருகிறது. ஆகவே எஞ்சினைச் சுழலவிட்டு, கியரை அடிக்கடி மாற்றி ஓட்டுவதில் விருப்பம் உள்ளவருக்கு இது ஹிமாலயனைவிடச் சுறுசுறுப்பாகவே தோன்றும். முன்சக்கரம் 19 அங்குலம் என்பதால் திரும்புவதிலும் தயக்கம் குறைவு. சிறுமலைச் சாலையில் தனியாக ஏறி இறங்க எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் வி-ஸ்ட்ராமின் சாவியை எடுப்பேன். இரண்டு பேர் வெகுதூரம் போவதென்றால் ஹிமாலயன். டேங்க் 12 லிட்டர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் டூரிங் பைக்கில் இரண்டு பக்கப் பெட்டிகளும் பின்னால் ஒரு பெட்டியும் பொருத்திய பிறகு, வளைவுகளில் வண்டி முன்புபோல் ஓடுவதில்லை. பைக்கில் கோளாறா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பைக்கில் கோளாறு இல்லை, பெட்டிகளில்தான். பின்னால் பொருத்தும் பெட்டி, பின்சக்கரத்தின் அச்சுக்கும் அப்பால், உயரத்தில் தொங்குகிறது. அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பாரத்தைச் சற்றே குறைக்கிறது. முன்சக்கரம் லேசானால் ஹேண்டில்பார் வழியாகச் சாலையின் சேதி கைக்கு வருவது குறையும். கருவிகள், தண்ணீர், பூட்டு போன்ற கனமான பொருள்களைப் பக்கப் பெட்டிகளின் அடியில், முன்பக்கமாக, இரண்டிலும் சம எடையில் வையுங்கள். பின்பெட்டியில் மழைக்கோட்டும் துணியும் மட்டும் இருக்கட்டும். டயர் காற்றழுத்தத்தை, செயின் மூடியிலோ கையேட்டிலோ இருவருக்கென்று குறித்துள்ள அளவுக்கு ஏற்றுங்கள்.

ஊருக்குள் ஓட்டும் நாள்களில் மூன்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அலுமினியப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், கிராஷ் கார்டு, கூடுதல் விளக்குகள் என்று சாமான் வாங்கி வாங்கி, காலியாக நிற்கும்போதே இருபது கிலோ கூடிப்போன வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். அவற்றின் உரிமையாளர்களில் பலர், டூரிங் பைக் என்றாலே மந்தம் என்றும் சொல்கிறார்கள்.

கேள்வி: 2016-இல் வந்த பழைய ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். 450க்கு மாற வேண்டுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: 24 பிஎஸ்ஸை ஒட்டிய திறனும் ஐந்து கியரும் உங்களுக்குப் போதாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 450இல் 40 பிஎஸ்ஸும் ஆறு கியரும் இருக்கின்றன; 90 கி.மீ.க்கு மேல் பழைய வண்டி அதிர்ந்து களைத்துப்போகும் இடத்தில் புதியது அமைதியாகப் போகும். மாஞ்சோலைச் சாலைபோல் கரடுமுரடான பாதைகளில் 30, 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போவதுதான் உங்கள் விருப்பம் என்றால், கீழ்ச்சுற்றிலேயே உதறாமல் இழுக்கும் 411 இன்றைக்கும் சளைத்ததல்ல. அந்தப் பணத்தில் நல்ல டயரும் புதிய பின் ஷாக் அப்சார்பரும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.