இடுப்பு ஏவிஎன் பரம்பரையாக வருமா? கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு ஏவிஎன் (ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போகும் நோய்) வந்து இடுப்பு மூட்டை மாற்றினார்கள். எனக்கும் வருமா டாக்டர்?

பதில்: அவருக்கு ஏன் வந்தது என்று முதலில் விசாரியுங்கள். அதிக அளவு ஸ்டீராய்டு, பல வருடக் குடி, தொடை எலும்பின் கழுத்து முறிவு: பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். அப்படியானால் அப்பாவுக்கு வந்ததை மட்டும் வைத்து நீங்கள் பயப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் குடி, ஸ்டீராய்டு எதுவும் கிடையாது. அப்பா, அத்தை, இப்போது அண்ணன், மூவருக்கும் வந்துவிட்டது.

பதில்: உங்கள் குடும்பத்தில் மரபணுவை அவசியம் பார்க்க வேண்டும். 12ஆம் குரோமோசோமில் சிஓஎல்2ஏ1 என்றொரு மரபணு இருக்கிறது. குருத்தெலும்பின் முக்கியப் புரதமான இரண்டாம் வகை கொலாஜன் அதிலிருந்துதான் உருவாகிறது. மூன்று புரிக் கயிறு போல முறுகிய இந்தப் புரதத்தில், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் முறுக்கு இறுகும். அங்கே செரின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் முறுக்கு கெடுகிறது. தைவான் குடும்பங்களில் இப்படிப்பட்ட மரபணுப் பிறழ்வைக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்டார்கள். பின்னர் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில், குழந்தைகளின் இடுப்பு எலும்புக்கு வரும் பெர்த்தீஸ் நோயிலும் அதே பிறழ்வு தென்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. டிஆர்பிவி4 என்ற மரபணுவையும் சில குடும்பங்களில் இந்நோயோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். முதலில் அண்ணனுக்குச் சோதனை செய்யுங்கள். அவரிடம் பிறழ்வு தெரிந்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும்.

கேள்வி: எனக்கு ஃபேக்டர் 5 லைடன் இருக்கிறது. இடுப்பு எலும்புக்கு ஆபத்தா?

பதில்: ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் மரபணு மாற்றம் அது. ஏவிஎன்னோடு அதற்குள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இதற்காக நீங்களாகவே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: 14 வயது மகளுக்கு சிக்கிள் செல் நோய். கொஞ்ச நாளாக நொண்டுகிறாள்.

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. வழக்கமான வலி என்று மாத்திரையோடு விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் குறுகலானவை, மாற்றுவழியும் குறைவு. இந்த நோயில் அரிவாள் போல வளைந்த ரத்தச் சிவப்பணுக்கள் அங்கே அடைத்துக்கொள்ளும். ஆல்ஃபா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடும் கூடவே இருந்தால் ரத்தசோகை குறையும். ஆனால் ரத்தம் அடர்த்தியாவதால் எலும்புக்கு ஆபத்து கூடும். தோள்பட்டையிலும் வலிக்கிறதா என்று கேளுங்கள், அங்கேயும் இது வரும்.

கேள்வி: பயந்து ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்க முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தொடை இடுக்கில் வலி. எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள்.

பதில்: ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகத்தான் இருக்கும். எம்ஆர்ஐ கேளுங்கள். வலி ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வலிக்காத பக்கத்திலும் நோய் தொடங்கியிருப்பது அடிக்கடி நடக்கிறது. எலும்பின் தலை இடியும் முன் பிடித்தால்தான் துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சிகிச்சை பலன் தரும்.