ஏழாவது படம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்தநாளுக்கு ஓர் ஓரிகாமி (தாள் மடித்து உருவம் செய்யும் ஜப்பானியக் கலை) புத்தகம் வந்தது. கொக்கு செய்ய உட்கார்ந்தவள், ஏழாவது படத்தில் மாட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். நான் யூடியூப் பார்த்து மடித்துக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. இதைவிட எளிய புத்தகம் சொல்வீர்களா? இதற்கென்று விற்கும் தாள்தான் வாங்க வேண்டுமா? கணக்குப் பாடத்துக்கு உதவும் என்கிறார்களே, உண்மையா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

இரண்டு வாரமாக என் மேஜையில் பாதி மடித்த கொக்கு ஒன்று கிடக்கிறது. பேரன் விட்டுப்போனது. அதைப் பார்த்து நான் நினைத்துக்கொண்டிருந்ததையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

தாளுக்குச் செலவு வேண்டாம். பழைய காலண்டர் தாளைச் சதுரமாக வெட்டினால் போதும். மதிப்பெண் பேச்சை விடுங்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தாளை அவள் கையிலிருந்து ஏன் வாங்கினீர்கள்? கோபத்தோடுதான் கேட்கிறேன். ஆறு படங்களைத் தனியாகத் தாண்டி வந்த குழந்தை அவள். அந்த ஏழாவது படம் எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேல்மடலைத் தூக்கும்போதே இரண்டு ஓரங்களும் நடுவுக்கு வந்து, நீண்ட வைரம் போலப் படிய வேண்டும். பல கோடுகள் ஒரே சமயத்தில் மடங்கும் இடம் அது. கொக்கு கற்ற பெரும்பாலானோரும் அங்கே நின்றவர்கள்தான்.

நானும் நின்றேன், பதினொரு வயதில். நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஆங்கிலப் புத்தகம். எழுத்து புரியாது, படம்தான் துணை. அப்பா மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவர். கூம்பு, சதுரம், எதுவானாலும் நூல் சுற்றுவதற்கு முன்பே பிரியாமல் நிற்கும். கத்திக் கப்பல் அவரிடம்தான் கற்றேன். நான் தாளை நீட்டி, "நீங்களே மடிங்கப்பா" என்றேன். அவர் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த படத்தைப் பாருடா. இந்த மூலை அங்க எங்க போயிருக்கு?" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் ஆனது. மடல் படிந்த அந்த நொடியை இன்றும் விரல் நுனியில் உணர்கிறேன்.

அப்பா சொன்னதுதான் ஓரிகாமி புத்தகத்தை வாசிக்கும் முறை. ஒவ்வொரு படமும் முந்தைய படத்துக்கு விடை, அடுத்ததற்குக் கேள்வி. வீடியோவில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேலையை வேறொருவர் கை செய்துவிடுகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது பார்த்துச் செய்வது மட்டும்.

இந்தப் பட மொழி சுலபமாக வந்துவிடவில்லை. 1797இல் ஜப்பானில், ஒரே தாளை ஆங்காங்கே வெட்டி ஒன்றோடொன்று ஒட்டியபடி மடிக்கும் கொக்குகளுக்காகவே ஒரு புத்தகம் வந்தது. எங்கே வெட்ட வேண்டும், முடிந்த கொக்கு எப்படி இருக்கும் என்பது அதில் உண்டு. படிப்படியாக மடிக்கும் வழி கிடையாது. அந்த வழியைக் கோடும் அம்புமாக எழுதியவர் ஜப்பானிய ஓரிகாமி கலைஞர் அகிரா யோஷிசாவா. தொழிற்சாலையில் இளம் தொழிலாளர்களுக்கு வடிவியல் சொல்லித்தரத் தாள் மடித்தவர். பிறகு வேலையை விட்டு, வீடு வீடாகத் தொடுகறி விற்றுக்கொண்டே மடித்தார். 1954இல் வந்த அவருடைய புத்தகத்தின் குறியீடுகள்தான் சிறு மாற்றங்களோடு உலகெங்கும் பரவின. உள்பக்கம் மடிக்க ஒரு வகைக் கோடு, பின்பக்கம் மடிக்க இன்னொன்று. ஸ்வரம் தெரிந்தவர் பாட்டை வாசிப்பது போல, ஜப்பானிய எழுத்தே தெரியாத திருச்சிக் குழந்தையும் டோக்கியோ புத்தகத்தை மடிக்கலாம். அந்த மொழியின் வாசலில் நின்ற பெண்ணைத்தான் நீங்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

சரி, கணக்கு. 1893இல் சென்னையில் அச்சான ஒரு நூலில் டி. சுந்தர ராவ் வெறும் தாள் மடிப்பிலேயே பலகோணங்களை எல்லாம் வரவழைத்துக் காட்டினார். மழலையர் பள்ளிக்கான வண்ணச் சதுரத் தாள்கள்தான் தூண்டுதல் என்று முன்னுரையில் சொல்கிறார். 1901இல் அது சிகாகோவிலும் வந்தது. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் கொடுங்கள்.

இப்போதைக்குப் புதுப் புத்தகம் வேண்டாம். அதே புத்தகத்தில் எட்டாவது படத்தைத் திறந்துவைத்து அவள் பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கொக்கு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். கழுத்து கோணலாக இருந்தால் தயவுசெய்து நிமிர்த்தாதீர்கள்.