எங்கள் கரையில் யாரும் தின்னாத அட்டை

அன்புள்ள அண்ணா,

நான் கொக்குவில் ஆள், இப்போது டொரன்டோவில் இருக்கிறேன். போன மாதம் என்னோடு வேலை செய்கிற சீனப் பெடியன் ஒருவனின் கல்யாண விருந்துக்குப் போனேன். நடுவில் கறுப்பாக, வழுவழுவென்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ருசியே இல்லை, சவ்வு மாதிரி. கேட்டால் கடலட்டையாம், அந்த மேசையிலேயே விலை கூடிய சாமான் அதுதானாம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் காலில் மிதிபட்டால் அருவருத்துத் துள்ளிக் குதிப்போமே, அதே அட்டை! கேவியர் என்கிற மீன்முட்டை, குங்குமப்பூ என்று உலகத்தில் பெரிய விலைக்குப் போகிற சாப்பாடெல்லாம் வெறும் பகட்டுத்தானே?

ஒரு வாசகர், டொரன்டோ

அன்புள்ள தம்பி,

பகட்டு இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அபலோனி என்கிற கடல்நத்தை, கடலட்டை, சுறாச் செட்டை, மீனின் காற்றுப்பை என்று நான்கையும் சேர்த்தே சொல்வார்கள் சீனர்கள். விருந்தாளியை மதிக்கிறோம் என்று காட்டுகிற சாமான்கள் இவை. ஆனால் ருசியில்லை என்று நீங்கள் சொன்னதை அந்தப் பெடியனும் ஒத்துக்கொள்வான். அட்டைக்கென்று ருசி கிடையாது. காய்ந்ததை நாட்கணக்கில் ஊறவைத்து, ஊறுகிற தண்ணீரில் எண்ணெய்க் கை படாமல் பார்த்து, கோழியும் பன்றியும் போட்டுக் காய்ச்சின சாற்றில் மெதுவாக அவித்தால் அது சாற்றை உறிஞ்சிக்கொண்டு பல்லுக்கு வழுக்கலும் இறுக்கமுமாக நிற்குமாம். அந்தப் பதத்துக்குத்தான் காசு. கணவாய் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் நாங்கள் முகம் சுளிப்பதில்லையா, அதுவும் பதம்தானே. அதோடு அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் ஹாய்ஷென், 'கடல் ஜின்செங்'. ஜின்செங் ஒரு மருந்து வேர், அதுபோல இதையும் மருந்தென்று நம்புகிறார்கள்.

போன வருடம் தீவுப்பக்கம் அட்டையை அவித்துக் காயவைக்கிற ஒரு வாடியில் அரைநாள் நின்றேன். வெள்ளை அட்டைதான் அங்கே அதிகம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பெரிய கிடாரத்தில் அவிக்கிறார்கள். பிறகு ஈர மணலுக்குள் புதைத்து ஓரிரவு விடுகிறார்கள், மேலே இருக்கிற சுண்ணாம்புத் தோல் ஊறி இளகட்டும் என்று. அடுத்த நாள் தோண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி, திரும்பவும் அவித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். கை நிறையப் பிடித்த அட்டை காய்ந்து முடிய இரண்டு விரல் அளவுதான். பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலை கூடிய சாப்பாட்டையெல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். குங்குமப்பூ ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 150,000 பூ வேண்டும். ஒரு பூவில் மூன்று நூல்தான், விடிய வெள்ளன ஆய்ந்து, கையாலேயே பிரிக்கவேண்டும். அது மனிதரின் கைவேலைக்கு விலை. விலை ஏறினால் ஈரானிலோ காஷ்மீரிலோ இன்னும் கொஞ்ச நிலத்தில் கிழங்கு நடுவார்கள், யாருக்கும் நட்டமில்லை. கடலில் தானாக வளர்கிற உயிரின் கதை அப்படியில்லை. மலிவான சூடை மீன் குறைந்தால் மண்ணெண்ணெய்க் காசுக்குக் கட்டாது, வள்ளம் கரையில் நிற்கும், மீன் பெருக நாலு நாள் கிடைக்கும். அட்டை குறைந்தால் விலை ஏறும். நாலைந்து கிடைத்தாலே எண்ணெய்க் காசு வந்துவிடும் என்று இன்னும் தேடிப் போவார்கள். அட்டை முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும், ஆணும் பெண்ணும் கிட்டக்கிட்ட இருந்தால்தான் கருக்கட்டும். அங்கொன்று இங்கொன்றாக மிஞ்சினால் அவை இருந்தும் பயனில்லை.

கேவியருக்கு நடந்ததும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் ஸ்டர்ஜன் மீன் அவ்வளவு கிடந்தது, அதன் முட்டையை ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். 1900 அளவில் மீன் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இன்றுவரை பழைய அளவுக்கு வரவில்லை. லண்டனில் சிப்பி ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடு. எடுத்து எடுத்துத் தீர்ந்த பிறகுதான் அது பணக்காரர் தட்டுக்குப் போனது. இன்று கேவியரில் பெரும்பங்கு பண்ணை மீனிலிருந்து வருகிறது, சீனாதான் முன்னுக்கு நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் கரையோரம் அட்டை குறையக் குறைய ஆழத்துக்குப் போகிறார்கள். சிலிண்டர் கட்டி, இரவில் டோர்ச்சோடு இறங்குவார்கள், அட்டை மணலைவிட்டு வெளியே வருகிற நேரம் அது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே இரவில் பல தரம் இறங்கி, வேகமாக மேலே வந்து, இரத்தத்தில் நைதரசன் குமிழ் கட்டி, இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அந்தக் கால் உங்கள் கல்யாண மேசையின் கணக்கில் வராது.

பண்ணை வைத்தால் சரிதானே என்று கேட்பீர்கள். வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிக்கவைக்கலாம் என்று 1988இலேயே தூத்துக்குடியில் செய்து காட்டிவிட்டார்கள். (அதே இந்தியாவில் 2001 முதல் எந்த அட்டையைப் பிடித்தாலும் குற்றம். இங்கே இலங்கையில் அனுமதிப் பத்திரத்தோடு பிடிக்கலாம். இடையில் கிடப்பது ஒரே கடல்.) எனக்குப் பண்ணையில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆழமில்லாத களங்கடலில், சாதாளை என்கிற கடற்புல் வளர்கிற இடத்தில், வலை அடைத்து வேலி போட்டால் அங்கே தலைமுறையாகச் சிறகுவலை வைத்து மீன் பிடித்தவர் எங்கே போவார்? அந்த மக்களைக் கேட்காமல் இடம் கொடுப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். இதைப்பற்றித் தனியாக எழுதுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வாடியில் அட்டை தேய்த்துக் கழுவுகிற அக்கா ஒருவர், ஆறு வருடமாக அதுதான் வேலை, கைவிரல் எல்லாம் வெளிறிப்போயிருந்தது, என்னிடம் கேட்டார்: "தம்பி, இதை அங்க என்ன மாதிரிச் சமைப்பினம்? சாப்பிட்டால் எப்பிடி இருக்குமாம்?" அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நானும் வாயில் வைத்ததில்லை. வருகிற கிழமை திரும்பவும் அந்தப் பக்கம் போகிறேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டலாமா?

அன்புடன்,
அண்ணா