மேக்னம் ரிவால்வர்களில் எது நீண்ட நாள் உழைக்கும்? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர், கோல்ட் – எதன் தரம் மேல்?

மூன்றில் எது அதிக நாள் தாங்கும், எது தரமானது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய மாடல் 19 ஒன்று கைக்கு வருகிறது, வாங்கலாமா என்றும் ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

புதிதாக வாங்கி .357 தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுடப்போகிறீர்கள் என்றால் ரூகர் ஜிபி100 அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, இரண்டில் எது கையில் நன்றாக உட்காருகிறதோ அது. ஆனால் உழைப்பையும் தரத்தையும் ஒரே கேள்வியில் கட்டிவிட்டீர்கள். ரிவால்வரில் இவை இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் சுடுதளத்துக்குப் போகிறவன் நான். பழுதுபார்ப்பது என் தொழில் அல்ல. இருந்தாலும் பழைய ரிவால்வர் வாங்கும் நண்பர்கள் "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கொடுப்பார்கள். அப்படிக் கையில் எடுத்தவற்றில் அழகானது எது என்றால் யோசிக்காமல் சொல்வேன், பழைய கோல்ட் பைத்தான். 1955-இல் வந்தது. அந்த நீல மெருகைப் பார்த்தால் ஆழக் கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோல் முகம் தெரியும். ட்ரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரை அசைத்தால் அசையாது, பாறை மாதிரி நிற்கும்.

அந்த இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சிலிண்டரைச் சுழற்றும் சிறு உலோகத் துண்டுக்கு ஹேண்ட் என்று பெயர். பழைய கோல்ட் அமைப்பில், தோட்டா வெடிக்கும் அந்தக் கணத்திலும் ஹேண்ட் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்கம் ஸ்டாப் பிடித்து நிறுத்தும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால்தான் சிலிண்டர் ஆடுவதில்லை. ஒவ்வொரு வெடிப்பின் அதிர்ச்சியிலும் ஒரு பங்கு அந்த ஹேண்டின் நுனியில் இறங்குகிறது. நுனி தேயத் தேய டைமிங் பின்தங்கும், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹேமர் விழுவதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டியது பூட்டாமல் போகும். அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். சரிசெய்ய முடியும், ஆனால் அந்த இயக்கம் தெரிந்த கை வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டர் லேசாக ஆடும். அதைப் பார்த்து "லூசா இருக்கே" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அந்த மயிரிழை இடைவெளிதான் அதன் ஆயுளைக் காக்கிறது. (2020-இல் மறுபடி வந்த பைத்தானின் உள்ளமைப்பு வேறு. நான் சொன்னது பழையதைப் பற்றி.)

மேக்னம் என்ற பெயரிலேயே பிரச்சினை இருக்கிறது. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டம். மேக்னத்தின் கூடு மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீளம், அவ்வளவுதான். பழைய .38 துப்பாக்கிகளுக்குள் தவறிப்போய் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். ஆனால் அழுத்தத்தைப் பாருங்கள்: .38-க்கு உச்சவரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357-க்கு 35,000. இரண்டு மடங்கு. 1935-இல் முதல் .357-ஐ ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன்னிடம் இருந்த பெரிய 'என்' ஃபிரேமில்தான் செய்தது. (ஃபிரேம் என்றால் துப்பாக்கியின் சட்டகம்; 'கே', 'எல்', 'என்' என்பவை அதன் அளவுகள்.) அது தாங்கியது. சிக்கல் தொடங்கியது அதைச் சிறிதாக்கியபோது.

1955-இல் வந்த காம்பேட் மேக்னம்தான் பின்னாளில் மாடல் 19 என்று பெயர் பெற்றது. அமெரிக்க எல்லைக் காவல் அதிகாரியாக இருந்த பில் ஜோர்டனின் யோசனை அது. நாள் முழுக்க இடுப்பில் சுமக்க 'என்' ஃபிரேம் கனம், அதனால் நடுத்தர 'கே' ஃபிரேமில் .357 வேண்டும் என்றார். பயிற்சிக்கு .38, பணிக்கு மட்டும் .357 என்பது அன்றைய பழக்கம். அந்தக் கணக்குக்கு அது அருமையான துப்பாக்கி. ஆனால் 'கே' ஃபிரேமில் இடம் போதவில்லை. சிலிண்டரைத் தாங்கும் க்ரேன் மூடுவதற்கு வழிவிட, குழலின் பின்வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவினார்கள். ஃபோர்சிங் கோன் எனப்படும் அந்த வாயில்தான் குண்டு சிலிண்டரிலிருந்து தாவி நுழைகிறது. வெப்பமும் அடியும் அதிகம் படுகிற இடத்திலேயே உலோகம் மெல்லிசாகிவிட்டது. பிறகு காவல் துறைகள் 'பணியில் சுடுவதையே பயிற்சியிலும் சுடு' என்று மாறின. தோட்டாவும் மாறியது, 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டின் இடத்தில் வேகமான 125 கிரெய்ன் வந்தது. கோன்கள் விரிசல் விட ஆரம்பித்தன. கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், அந்தச் சீவிய பகுதியில்.

1980களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் 'எல்' ஃபிரேமில் 586, 686 கொண்டுவந்தது இதற்குப் பதிலாகத்தான். பிடி 'கே' அளவு, சட்டகமும் சிலிண்டரும் கொஞ்சம் பெரியவை, கோனைச் சீவ வேண்டியதில்லை. இவ்வளவையும் விரித்ததற்குக் காரணம் இதுதான்: 19-உம் 686-உம் ஒரே பட்டறைப் பிள்ளைகள். உழைப்பில் இரண்டுக்கும் உள்ள தூரம், 686-க்கும் ஜிபி100-க்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், எந்த ஃபிரேம் என்று கேளுங்கள்.

ரூகர் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: "அது வார்ப்பு, மற்றது அடித்துச் செய்தது, வார்ப்பு உடையும்." சட்டகம் வார்ப்புதான், உண்மை. ஒரே கனத்தில் வைத்துப் பார்த்தால் அடித்த உலோகம் வலுவானது, அதுவும் உண்மை. ஆனால் ரூகர் அதைத் தெரிந்தே கனத்தைக் கூட்டியிருக்கிறது. பக்கத் தகடு கிடையாது, சட்டகம் இரண்டு பக்கமும் முழுச்சுவர். ஜிபி100-இல் சிலிண்டர் முன்னால் க்ரேனிலேயே பூட்டிக்கொள்கிறது, காலிக் கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் தண்டின் நுனியை நம்பி இல்லை. கழற்றி மாட்ட வீட்டில் இருக்கிற கருவி போதும். மெருகில் பைத்தானுக்குப் பக்கத்தில்கூட வராது. அழகு பார்த்து வாங்குகிற துப்பாக்கி அல்ல.

.44 மேக்னத்திலும் இதே கதைதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .44 மேக்னமான மாடல் 29-க்கு அடிப்படையான 'என்' ஃபிரேமின் வேர் 1908-இல், .44 ஸ்பெஷல் காலத்தில் இருக்கிறது. 1970, 80களில் உலோக மிருக உருவங்களை 200 மீட்டர் வரை வைத்துச் சுடும் போட்டிகள் பரவியபோது, கனமான குண்டுகளை ஓயாமல் சுட்டதில் சில 29-களில் பின்னுதைப்பில் சிலிண்டர் பூட்டு விட்டுப் பின்னால் சுழன்றது. அடுத்த தடவை ஹேமர் விழுந்தால் கீழே சுட்டுமுடித்த காலிக் கூடு. 80களின் கடைசியில் ஸ்டாப் பள்ளங்களை நீட்டி, உள்ளே சில மாற்றங்கள் செய்து சரிக்கட்டினார்கள். 1979-இல் வந்த ரூகர் ரெட்ஹாக் .44 மேக்னத்தை மனதில் வைத்தே வரையப்பட்டது. ஆகவே .44-ஐ நிறையச் சுடுவோருக்கு என் ஓட்டு ரூகருக்கு.

அப்புறம், தரமும் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்த விதிவிலக்கு ஒன்று: பிரான்ஸின் மனுரின் எம்ஆர்73. அந்நாட்டின் ஜிஐஜிஎன் அதிரடிப் படை பயன்படுத்தியது, முழு வலு .357-ஐயே தின்று வளர்ந்தது. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மிக லேசான பாக்கெட் .357-களைப் பற்றி இரண்டே வரி. உழைப்பை விடுங்கள், ஐந்து தோட்டாவுக்குள் உங்கள் உள்ளங்கை போதும் என்று சொல்லிவிடும். பின்னுதைப்பில் மற்ற தோட்டாக்களின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரையே முட்டி நிறுத்துவதும் இவற்றில்தான் அதிகம்.

எந்த ரிவால்வரையும் சீக்கிரம் கெடுப்பது உரிமையாளர்தான். சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடினால் க்ரேன் வளையும். வளைந்த க்ரேனோடு டைமிங்கும் போய்விடும். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் முப்பது நாற்பது சுற்று ஆனதும் என் ரிவால்வரில் ட்ரிக்கர் இறுகிப்போனது, சிலிண்டர் நகரவே இல்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மனம் விட்டுப்போயிற்று. பக்கத்துத் தடத்தில் இருந்த பெரியவர் குழலைத் தடுப்பு மேட்டைப் பார்த்தே இருக்கச் சொல்லிவிட்டு, சிலிண்டரைத் திறந்து காலி செய்ய வைத்தார். பிறகு காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தைத் தள்ளிப் பிடித்து, அடியில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று, கடுகில் பாதி. அவ்வளவுதான். காலிக் கூடுகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்க வேண்டும், நான் கிடைமட்டமாக வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் மாடல் 19. முதலில் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று பாருங்கள், அப்புறம் இன்னொரு தடவை பாருங்கள். சிறு டார்ச்சை வைத்து ஃபோர்சிங் கோனின் ஆறு மணிப் பக்கம் அடியுங்கள். தலைமுடி போல் ஒரு கோடு தெரிந்தாலும் வேண்டாம். மூடி, சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், டக் டக்கென்று ஆடினால் நிறையச் சுட்டது என்று அர்த்தம். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருக்கலாம். ஹேமரை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்து, சிலிண்டரில் ஒரு விரலை லேசாக வைத்துத் தடுத்தபடி கேளுங்கள். ஹேமர் நிற்பதற்கு முன்பே ஸ்டாப் 'க்ளிக்' என்று விழ வேண்டும், ஆறு அறைக்கும். மேலே, சிலிண்டருக்கு மேலாகச் செல்லும் சட்டகப் பட்டையான டாப் ஸ்ட்ராப்பின் அடியில் நெருப்பு அரித்த மெல்லிய கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பொதுவாக ஓரளவோடு நின்றுவிடும்.

இவை தேறினால் வாங்குங்கள். பெரும்பாலும் .38, எப்போதாவது 158 கிரெய்ன் .357. நிறைய .38 சுட்டால் அறைக்குள் கரி வளையம் படிந்து, நீளமான .357 கூடு வெளியே வர அடம்பிடிக்கும், அதனால் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் .357-ஐ ஏற்றுங்கள். 125 கிரெய்ன் பெட்டியை 686 வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடலாம்.