ஊற்றுப் பள்ளத்தை மூடி வாழை வைக்கலாமா?

கேள்வி: களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம். நடுவில் முப்பது சென்ட் பள்ளம், சித்திரையிலும் கால் வைத்தால் புதைகிறது. கோரை, வல்லாரை, பேர் தெரியாத பூண்டுகள்தான் முளைக்கின்றன. மண் அடித்து வாழை வைக்க நினைக்கிறேன். வடிகால் எந்தப் பக்கம் வெட்டவேண்டும்? இப்போதைக்கு மாடு அதில் மேய்கிறது.

பதில்: அண்ணாச்சி, வடிகால் கிடக்கட்டும், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெறும் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் என்றால் பங்குனியிலேயே வெடித்திருக்கும். சித்திரையிலும் சொதசொத என்று கிடக்கிறது என்றால், மலைச் சரிவில் இறங்கிய மழை மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து உங்கள் பள்ளத்தில் கசிகிறது என்றுதான் தோன்றுகிறது. மார்கழி விடியற்காலையில் கையை விட்டுப் பாருங்கள், வாய்க்கால் தண்ணீர் சில்லென்றும் ஊற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மின்னினால் குச்சியால் தொடுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்பில் வாழும் பாக்டீரியா, பயமில்லை. டீசல் என்றால் கலைந்தது மறுபடி ஒன்று கூடிவிடும்.

ஊற்றுதான் என்றால் மூடிப் பயனில்லை. மேலிருந்து வருகிற தண்ணீர் நிற்காது, மண்ணை அடித்தால் பக்கத்து வயலிலோ உங்கள் வரப்படியிலோ கிளம்பும், அப்புறம் அந்தச் சண்டை வேறு. வடிகால் வெட்டினாலும் அது வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாழை வேர் அழுகத்தான் செய்யும், வேரில் தண்ணீர் நிற்பது வாழைக்கு ஆகவே ஆகாது.

அங்கே முளைத்திருப்பதைக் களை என்று ஒதுக்காமல் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், மண் பரிசோதனைக்குப் போகுமுன் பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும். ஓரத்து ஈரத்தில் வல்லாரை, பொடுதலை. இன்னும் நனைந்த இடத்தில் நீர்ப்பிரம்மியும் நீர்முள்ளியும். நடுவில் கோரை. ஊற்றுக் கண் பக்கம் எருவே இல்லாத வெளிறிய மண்ணில் அழுகண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள், சிவப்பாக, தரையோடு ஒட்டி, இலைமேல் உள்ள மயிர் நுனிகளில் பசைத் துளியோடு இருக்கும். மண்ணில் தழைச்சத்து கிடைக்காததால்தான் அது பூச்சியைப் பிடித்துத் தின்கிறது, யூரியா கரைந்து வந்தால் மற்ற செடிகள் மண்டி அதை மூடிவிடும். சம்பு ஆள் உயரத்துக்கு அடைத்து நிற்கிறதா? அப்படியானால் மேல்வயல் உரம் வடிந்து உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். மேட்டுப் பக்கம் ஐந்தாறு அடி உரம் போடாத வரப்பாக விடுங்கள். தை மாசியில் ஒரு அறுப்பு அறுத்து, அறுத்ததை அங்கேயே போடாமல் வெளியே கொண்டுவந்துவிடுங்கள், சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். பாய்க்கு ஆகிற கோரையா என்று பத்தமடைப் பக்கம் ஒரு கட்டு காட்டிப் பாருங்கள், எல்லாக் கோரையும் பாய்க்கோரை இல்லை. வாழையை மேட்டில் வையுங்கள். கீழ்ப்பக்கம், பள்ளத்தின் வாயைத் தாண்டி ஒரு குழி எடுத்தால் வழிகிற தண்ணீர் அதில் சேரும், பாய்ச்சிக்கொள்ளலாம். பள்ளத்துக்குள் மட்டும் தோண்டாதீர்கள்.

மாட்டை முதலில் வெளியே ஓட்டுங்கள், எனக்குக் கவலை அதுதான். குளம்புக் குழிகளில் நத்தை பெருகும், ஈரல் தட்டைப்புழுவின் குஞ்சுகள் அந்த நத்தைக்குள் வளர்ந்து வெளியே வந்து தண்ணீர் ஓரப் புல்லில் ஒட்டிக் கிடக்கும், மாடு புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். பால் குறைந்து, கண் இமை உள்பக்கம் வெளிறி, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால் தாமதிக்கவேண்டாம். புல் வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். இப்போதே சாணியை உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுத்துப் பாருங்கள். மாடு சினை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில குடற்புழு மருந்துகளைச் சினையின் தொடக்க மாதங்களில் கொடுக்கக்கூடாது.